பர்வதமலை: கூட்டமில்லாத நாளில் அப்பாவை அழைத்துப் போகலாமா? கடலாடி வழியா, தென்மாதிமங்கலம் வழியா?

தைமகள்:

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் ஒரு சாதாரண வார நாளில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலை ஏற நினைக்கிறோம். பௌர்ணமி, அமாவாசை, சனி, ஞாயிறு எதுவும் வேண்டாம். உச்சிக் கோயிலில் மல்லிகார்ஜுனரையும் பிரமராம்பிகையையும் நிதானமாகப் பார்த்து, எங்கள் கையாலேயே அபிஷேகம் செய்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். போவது மூன்று பேர்: நான், என் கணவர், என் அப்பா. அப்பாவுக்கு 62 வயது. அண்ணாமலையார் கிரிவலம் 14 கிலோமீட்டரையும் மாதாமாதம் உட்காராமல் சுற்றிவிடுவார். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். படி ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது மட்டும் இடது முழங்கால் வலிக்கும்.

கடலாடி வழி அமைதியாக இருக்கும் என்கிறார்கள்; தென்மாதிமங்கலம் வழியில் படிக்கட்டு இருக்கிறது என்கிறார்கள். எங்களுக்கு எது சரி? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும்? பாறையில் இரும்புக் கடப்பாறை அறைந்திருக்கிற கடப்பாறைப் படியில் அப்பா ஏறலாமா, தவிர்க்க வழி உண்டா? அபிஷேகத்துக்கு என்னென்ன, எவ்வளவு? கிரிவலம் சுற்றுகிறவருக்கு இந்த மலை ஒரு பொருட்டல்ல என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

சேயாறு:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் சகோதரி. மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

கிரிவலம் நடை, பர்வதமலை ஏற்றம். இரண்டுக்கும் வேலை செய்கிற தசையே வேறு. உச்சி 4,560 அடி என்பார்கள், மீட்டரில் 1,390. அடிவாரம் சமவெளி. ஆக 1,100 மீட்டரை ஒட்டி ஏறுகிறோம். ஒரு மாடி 3 மீட்டர் என்று கணக்குப் போட்டால் 350 மாடிக்கு மேல் ஏறி, அதே நாளில் அத்தனையும் இறங்குகிறோம். கிரிவலம் சுற்றுகிற உடம்புக்கு மூச்சும் பொறுமையும் இருக்கும், அது பெரிய சொத்து. ஆனால் தொடைக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அப்பாவுக்கு இறங்கும்போது வலிக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்த மலையில் பாதிக்குப் பாதி இறக்கம்.

நேரக் கணக்கு. நல்ல பழக்கமுள்ளவர் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுவார். குடும்பமாகப் போகும்போது மணிக்கு 300 என்று வையுங்கள். உட்காருவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்து ஏற 5 மணி நேரம். மேலே ஒன்றரை மணி நேரம். இறங்க 4 மணி நேரம், முழங்கால் வலி இருந்தால் அதற்கும் மேலே. கூட்டினால் பத்தரை மணி நேரம். தை மாதத்தில் ஆறேகால் வாக்கில் இருட்டும், மரத்தடியில் அதற்கு முன்பே. எனவே காலை 6 மணிக்கு அடிவாரத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும், பகல் 12.30க்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பியாக வேண்டும். கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் அரை மணி நேரம்தான் என்றாலும் திரும்புங்கள். இதைக் கீழேயே மூன்று பேரும் ஒப்புக்கொண்டு ஏறுங்கள். மேலே போய்ப் பேசினால் யாருக்கும் மனசு வராது.

பாதை. இரண்டு ஊரும் போளூர்–செங்கம் சாலையில்தான். தென்மாதிமங்கலம் வழியில் ஊரிலிருந்து அடிவாரம் வரை ஒரு நீண்ட தூரம் இருக்கிறது, அதற்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்; அந்தத் தெம்பை மலைக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சையம்மன் கோயிலும் பெரிய பெரிய முனிகளின் சிலைகளும் அங்கே இருக்கின்றன. கும்பிட்டுவிட்டுத்தான் எல்லோரும் ஏறுவார்கள். பிறகு ஆயிரத்துக்கு மேல் படிகள், அதற்குப் பிறகு கல்லும் வேருமான பாதை. கடலாடி வழியில் அந்தப் படிகள் கிடையாது. முழுக்கக் காட்டுப் பாதை, நிழல் கூடுதல், ஆள் நடமாட்டம் குறைவு. இரண்டும் மேலே ஒன்று சேர்ந்து, அங்கிருந்து கடப்பாறைக்கு ஒரே வழி.

உங்கள் மூவருக்கும் என் யோசனை கடலாடி. படி என்றதும் சுலபம் என்று தோன்றும். ஒரே உயரத்தில் கட்டிய படியில் ஆயிரம் தடவை இறங்கினால் ஒரே கோணத்தில் முழங்கால் ஆயிரம் தடவை இடிபடும். காட்டுப் பாதையில் ஒவ்வொரு அடியும் வேறு வேறு, காலை மாற்றி வைக்கலாம்.

படவேட்டான்:

கடப்பாறைப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கு மேலே வரிசையாகத் தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று இருக்கிறது. பெயரே சொல்லிவிடும். செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அறைந்து காலுக்குப் படியாகவும், பக்கத்தில் சங்கிலியைக் கைக்குப் பிடியாகவும் வைத்திருக்கிறார்கள். கடப்பாறையில் ஏற வேண்டாம் என்றால் சுற்றிப் போகிற படி வழி இருக்கிறது. உங்கள் அப்பா அதில் போகட்டும். அதில் போனால் புண்ணியம் குறையாது. ஆனால் அதுவும் செங்குத்துதான், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

கடப்பாறையில் தவறு நடப்பது பெரும்பாலும் நாலு காரணத்தால்.

ஒன்று, கையால் இழுத்து ஏறுவது. சங்கிலியைப் பார்த்ததும் எல்லோரும் உடம்பைக் கையில் தொங்கவிடுகிறார்கள். பத்தே நிமிடத்தில் முழங்கை வரை மரத்து, விரல் மடங்காது. எடை காலில்தான் நிற்க வேண்டும். கை சாயாமல் இருக்க மட்டும். இரண்டு கை, இரண்டு கால், இதில் மூன்று எப்போதும் பிடித்திருக்க, ஒன்று மட்டும் நகர வேண்டும்.

இரண்டு, காலை வைக்கும் இடம். முன்பாதத்தை மட்டும் கம்பியில் வைத்தால் கெண்டைக்கால் சீக்கிரம் களைத்து, தையல் மிஷின் ஊசி மாதிரி கால் தானாக ஆடத் தொடங்கும். பயத்தால் ஆடுகிறது என்று நினைப்பார்கள். தசை சோர்ந்ததுதான் காரணம். பாதத்தின் நடுக்குழி கம்பியில் உட்காரும்படி வைத்தால் நிற்கும். வெறுங்காலில் அது உறுத்தும், ஆனாலும் அதுதான் பத்திரம். ஆட ஆரம்பித்துவிட்டால் குதிகாலைக் கீழே இறக்குங்கள், நின்றுவிடும்.

மூன்று, ஒரே சங்கிலியில் இரண்டு பேர். மேலே இருப்பவர் இழுத்தால் கீழே இருப்பவரின் கை பாறையிலிருந்து பிடுங்கப்படும், இல்லையென்றால் விரல் சங்கிலிக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கும். ஒருவர் அந்தத் துண்டைத் தாண்டி "வாங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் தொட வேண்டும். கூட்டமில்லாத நாளின் பெரிய லாபமே இதுதான். பின்னாலிருந்து யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நான்கு, துணி. வேட்டியின் மடிப்பு, துப்பட்டா, புடவை முந்தானை எல்லாம் கடப்பாறை முனையில் மாட்டும். மேலே அடி எடுத்து வைக்கும்போது கீழே யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும், அதிர்ச்சியில் கையை விட்டுவிடுவார்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடியுங்கள். தோளில் தொங்கும் பை வேண்டவே வேண்டாம். முதுகில் ஒட்டி நிற்கிற சின்னப் பை போதும்.

கையுறை போடாதீர்கள், நூல் கையுறை இரும்பில் வழுக்கும். எண்ணெய்ப் புட்டி தொட்ட கையை விபூதியால் துடைத்துக்கொண்டு ஏறுங்கள். வெயில் ஏறிவிட்டால் இரும்பு சுடும், அதனாலும் காலை 11 மணிக்குள் அந்த இடத்தைத் தாண்டுவது நல்லது. இறங்கும்போது முகம் பாறையைப் பார்த்தே இருக்க வேண்டும், ஏணியில் இறங்குவது போல. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து நகர்ந்து இறங்குகிறவர்களுக்குத்தான் பின்பக்கம் கம்பியில் இடித்து நிலை தவறுகிறது.

வில்வம்:

அபிஷேகத்துக்கு எல்லோரும் தேவைக்கு மூன்று மடங்கு தூக்கிப் போகிறார்கள். ஒரு கிலோ என்பது கீழே ஒரு கிலோ, மேலே போகப் போகப் பாரம்.

மூன்று பேருக்கும் சேர்த்து: பால் அரை லிட்டர், சந்தனம் ஒரு சின்ன டப்பா, விபூதி ஒரு பொட்டலம், தேன் 50 மில்லி, நல்லெண்ணெய் 100 மில்லி, வில்வம் ஒரு கை, பூ ஒரு முழம், கற்பூரம், தீப்பெட்டி, ஒரு சின்னச் சொம்பு. அபிஷேகத் தண்ணீர் ஒரு லிட்டர், இது குடிதண்ணீர்க் கணக்கில் சேராது. அம்பாளுக்குக் குங்குமமும் எலுமிச்சை மாலையும். தேங்காய் கட்டாயமில்லை, எடைதான். கொண்டு போனால் ஒன்று போதும்.

காய்ச்சாத பால் ஐந்து மணி நேரம் முதுகுச் சூட்டில் இருந்தால் திரிந்துவிடும். முந்தின இரவே பாக்கெட்டை உறைய வைத்து, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் ஈரத் துண்டைச் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். மேலே போகும்போது பதமாக இளகியிருக்கும். பாக்கெட்டைக் கடப்பாறைக் கம்பி குத்தாமல் இருக்க சொம்புக்குள் இறக்கி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மேலே பக்தர்கள் தாங்களே அபிஷேகம் செய்கிற வழக்கம் இருக்கிறது. அந்த உரிமைக்கு ஒரு கடமையும் உண்டு. எண்ணெய் ஊற்றினால் தரையில் வழிந்ததைத் துடையுங்கள். அடுத்து வருகிற வயதானவர் அந்தத் தரையில்தான் கால் வைக்கப்போகிறார். பால் கவர், எண்ணெய்ப் புட்டி, ஊதுபத்தி அட்டை, கட்டிவந்த நூல் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்ப இறங்க வேண்டும். எடையில் நூறு கிராம்கூட வராது. மலை முழுக்க அந்த எண்ணெய்ப் புட்டிகளைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

குரங்குக்குக் கையில் தொங்குகிற கவர் என்றால் சாப்பாடு என்று அர்த்தம். பூ இருந்தாலும் பிடுங்கும். எதையும் கையில் வைக்காதீர்கள். பிடுங்க வந்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள். கடி வாங்கினால் தடுப்பூசிக்கு அலைய வேண்டும்.

கற்பூரம் கோயிலில் மட்டும். தை முடிந்தால் இலை உதிர்ந்து காடு பஞ்சாகிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். வழியில் எந்தக் கல்லுக்கும் சூடம் ஏற்றாதீர்கள்.

தைமகள்:

மூன்று பேருக்கும் நன்றி. கடப்பாறை பற்றி எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். படி வழி போகச் சம்மதித்துவிட்டார். ஆனால் விரதம் இருந்துதான் ஏறுவேன், வெறுங்காலில்தான் ஏறுவேன் என்கிறார். சர்க்கரை மாத்திரையோடு இது சரிவருமா? முழங்காலுக்கு முன்கூட்டியே ஏதாவது பயிற்சி செய்தால் பலன் இருக்குமா? இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

கைமருந்து:

அம்மா, முதலில் சர்க்கரை. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஐந்து மணி நேரம் ஏறினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், குறிப்பாக கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளில். தாழ்ந்தால் வியர்க்கும், படபடக்கும், கை நடுங்கும். மலை ஏறும்போது எல்லோருக்கும் வியர்க்கும், எல்லோருக்கும் படபடக்கும். அதனால்தான் மலையில் அது பிடிபடாமல் போகிறது. பேச்சு குழறுகிறதா, சொன்னதையே சொல்கிறாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தாலே உட்காரவைத்து குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் காத்திருந்து, தெளியவில்லை என்றால் மறுபடியும் மூன்று. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட வைத்து, இறங்கத் தொடங்குங்கள், ஏறாதீர்கள். சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்துப் போக முடிந்தால் 70க்குக் கீழே என்பதுதான் எல்லை.

அன்றைக்கு மாத்திரையை எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் "பத்து மணி நேரம் மலை ஏறி இறங்கப் போகிறேன்" என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள். வெளியூர் போகிறேன் என்று மட்டும் சொன்னால் அவர் வேறு மாதிரி நினைப்பார். விரதத்துக்கு அப்பா மனம் ஒப்புகிற வழி: பழம், பால், அவல், பேரீச்சம்பழம். இவை விரத உணவுதானே? மணிக்கு ஒரு தடவை கொஞ்சம்.

வெறுங்கால். சர்க்கரை உள்ளவருக்குப் பாத உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் ஏறியதே தெரியாது. கடப்பாறைக்குக் கீழே வரை காலணியோடு வந்து, அங்கே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மேலே போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காலணி புதிதாக இருக்கக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும். இறக்கத்தில் பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்தே கருத்துப்போகும்.

முழங்கால். படி இறங்கும்போது முட்டிச் சிப்பியின் மேல் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் அழுத்தம் வரும். தொடையின் முன்தசைதான் அந்த எடையைத் தாங்கி மெதுவாக இறக்குகிறது. அது களைத்தால் முட்டி தாங்குகிறது, வலிக்கிறது. அதனால் எட்டு வாரப் பயிற்சியில் இறங்குவதும் இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் மாடிப்படி. முதல் வாரம் 10 மாடி ஏறி, கைப்பிடியைத் தொட்டபடி மெதுவாக இறங்கட்டும். ஒவ்வொரு படியிலும் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுகிற வேகம். வாரம் எட்டு பத்து மாடி கூட்டுங்கள். ஏழாவது வாரம் 60 மாடி தொடர்ந்து ஏறி இறங்கி, மறுநாள் சாதாரணமாக நடக்க முடிகிறது என்றால் மலைக்கு அழைத்துப் போங்கள். முட்டி வீங்கினால் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அந்த வருடம் அடிவாரத்திலிருந்தே கும்பிடலாம். கடைசி வாரம் ஓய்வு. ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி என்று ஒரு தடவை வந்தாலும் மலைப் பேச்சே வேண்டாம், இதய மருத்துவர்தான்.

ஊன்றுகோல் ஒன்று வாங்குங்கள். இடது முட்டி வலிக்கிறது என்றால் கோல் வலது கையில். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இறங்கும்போது கோலை முன்னால் ஊன்றிவிட்டுப் பிறகு காலை வைக்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். ஏற இரண்டரை, மேலே கொஞ்சம், இறங்க ஒன்று. தை மாதக் குளிரில் தாகம் தெரியாது, அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய் குடிக்க வேண்டும். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று முழுதாகக் கலந்துகொள்ளுங்கள். பாதி பாக்கெட், ரெண்டு லிட்டர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வியர்வையில் உப்பை இழந்தால் தலைவலி, குமட்டல் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் கேடு கூடும். அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நவிரம்:

சேயாறு அண்ணன் சொன்ன ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. முழங்காலுக்குக் காட்டுப் பாதை நல்லது என்பது சரி. ஆனால் வார நாள், தனியாக மூன்று பேர், அதில் ஒருவருக்குச் சர்க்கரை, முதல் தடவை. கடலாடி வழியில் அன்று மேலும் கீழும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் போகலாம். அப்பாவுக்கு ஏதாவது என்றால் அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்க நாலு பேர் வேண்டும். தென்மாதிமங்கலம் வழியில் வார நாளிலும் ஆள் கண்ணில் படும். மோர், எலுமிச்சைச் சாறு விற்பவர்களைக் கூட்ட நாளில்தான் நம்பலாம், அது வேறு விஷயம். அமைதி வேண்டும் என்றால் நாளைத்தான் மாற்ற வேண்டும், அதை நீங்கள் மாற்றிவிட்டீர்கள். பாதையையும் மாற்றித் துணையில்லாத இடத்துக்குப் போக வேண்டாம்.

எப்படியும் கடலாடிதான் என்றால் அந்த ஊரிலேயே வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடு மாடு போகிற தடங்கள் பாதை மாதிரியே பிரியும். அடையாளம் கல்லில் இருக்கிறது: ஆள் நடக்கிற பாதையில் கல்லின் முதுகு மழுங்கி, தடவினால் வழவழவென்று, விளிம்பு உருண்டிருக்கும். ஆட்டுத் தடத்தில் கல் சொரசொரப்பாக, பொக்குப் பிடித்து, காலை வைத்தால் ஆடும். பத்து நிமிடமாக ஆடுகிற கல்லிலேயே நடக்கிறீர்கள் என்றால் தவறிவிட்டீர்கள். குறுக்கே புகுந்து சரிசெய்யப் பார்க்காமல் வந்த வழியே, கடைசியாக மழுங்கிய கல்லைப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

இந்த மலையைத்தான் சங்க நூலான மலைபடுகடாம் நவிரம் என்று சொல்வதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். செங்கத்து நன்னனின் மலை. அதில் இருக்கும் இறைவனைக் காரியுண்டிக் கடவுள் என்று அது சொல்கிறது, நஞ்சுண்டவன். பரிசில் தேடிப் போகிற கூத்தருக்கு வழி சொல்கிற பாட்டு அது. பாசி படர்ந்து காலை வாரிவிடுகிற இடம் வரும், அங்கே மூங்கில் கோலையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்று அக்கறையாக எச்சரிக்கிறது. சங்க காலத்தில் சொன்ன எச்சரிக்கை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது: மார்கழி, தை மாதங்களில் மழை நின்றிருந்தாலும் நிழல் விழுகிற பாறையில் பாசி காயாமல் இருக்கும். கறுப்பாகத் தெரியும் பாறையில் கால் வைக்காதீர்கள், வெளுத்த பாறையில் வையுங்கள். கறுப்பில் வைத்தே ஆக வேண்டும் என்றால் முழுப் பாதமும் தட்டையாகப் படட்டும், குதிகாலை மட்டும் ஊன்றினால் சறுக்கும்.

மழை பெய்தால் அன்று போக வேண்டாம். வழியில் நீரோடை பெருகினால் கயிறு கட்டிக் கடப்பது, கை கோத்துக் கடப்பது எதுவும் வேண்டாம். முட்டிக்குக் கீழே ஓடுகிற நீரே ஆளைச் சாய்க்கும். சின்ன மலை ஓடையில் வெள்ளம் வந்த வேகத்தில் வடியும், ஓரிரு மணி நேரம் மேட்டில் காத்திருங்கள்.

இடி. தை மாதத்தில் அரிது, ஆனால் சித்திரையிலோ புரட்டாசியிலோ இதைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடப்பாறை, சங்கிலி, தண்டவாளம், ஏணி எல்லாமே இரும்பு, மேகத்தைப் பார்த்து நிற்கிற பாறையில். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடப்பாறைக்குக் கீழே இருந்தால் அங்கேயே திரும்புங்கள். மேலே இருந்தால் சத்தம் ஓய்ந்து அரை மணி நேரம் ஆகும் வரை இரும்பைத் தொடாதீர்கள்.

தேனீ. பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு கட்டும். ஊதுபத்திப் புகையும் வாசனைத் தைலமும் அதைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விலக வேண்டும். கம்பியில் நிற்கிறபோது அதுவும் முடியாது, அதனால் அந்தப் பகுதியில் சத்தமும் புகையும் அறவே கூடாது.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் கோலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல், 108க்குச் சொல்லுங்கள்.

சேயாறு:

நவிரம் சொல்வதை ஏற்கிறேன். சர்க்கரை விவரத்துக்குச் சரியான எடை கொடுக்காமல் முழங்காலை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டேன். தென்மாதிமங்கலம் வழியே ஏறி இறங்குங்கள். படியில் இறங்கும்போது நேராக இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், படியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வாக இறங்கினால் முட்டி மடங்குகிற கோணம் குறையும்.

இன்னொன்று: இரவு ஏறுவது, மேலே தங்குவது பற்றி வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு, காலத்துக்குக் காலம் மாறும். மேலே ஆசிரமம் இருக்கிறது, தங்கிக்கொள்ளலாம் என்று பழைய பதிவுகளைப் படித்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். முந்தின நாளே அடிவாரத்தில் விசாரித்து, காலையில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 6 மணிக்கு மேல்தான் விடுவார்கள் என்றால் 12.30 மாறாது, மேலே இருக்கிற நேரம்தான் குறையும்.

தைமகள்:

அப்படியானால் எங்கள் திட்டம் இது. எட்டு வாரம் மாடிப்படி, ஏழாவது வார முடிவைப் பார்த்துத்தான் நாள் குறிப்பது. முந்தின இரவு திருவண்ணாமலையில் தங்கி, விடியலில் தென்மாதிமங்கலம். ஆளுக்கு 4 லிட்டர், அபிஷேகத் தண்ணீர் தனியாக ஒரு லிட்டர். அப்பாவின் தண்ணீரில் ஒரு லிட்டரை என் கணவர் சுமப்பார். குளுக்கோஸ் பொடி அப்பாவின் சட்டைப் பையிலும் என் பையிலும். கணவர் முன்னால், அப்பா நடுவில், நான் கடைசியில். அப்பாவும் நானும் படி வழி, கணவர் மட்டும் கடப்பாறை. 12.30க்குத் திரும்புவது. ஏதாவது விட்டுப்போயிற்றா?

படவேட்டான்:

இரண்டு திருத்தம். அப்பாவை நடுவில் விட வேண்டாம், முன்னால் விடுங்கள். முன்னால் போகிறவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார். உங்கள் கணவர் முன்னால் போனால் திரும்பிப் பார்க்கும் போதெல்லாம் அப்பா வேகத்தைக் கூட்டுவார், வயதானவர்களின் சுபாவம் அது. செங்குத்தான படியிலும் ஏணியிலும் ஏறும்போது கணவர் அப்பாவுக்கு ஒரு படி கீழே, கையெட்டுகிற தூரத்தில். இறங்கும்போது கணவர் முதலில். அப்படியானால் அவர் கடப்பாறைப் பக்கம் போகாமல் உங்கள் இருவருடனேயே படி வழி வருவதுதான் சரி. பிரிந்து போனால் தூக்கிவிட ஆள் இருக்காது.

இரண்டாவது, கடலாடிப் பாதை வந்து சேருகிற இடம். ஏறும்போது அந்தப் பிரிவு கண்ணிலேயே படாது. இறங்கும்போது இரண்டு பாதையும் ஒன்றுபோலத் தெரியும், களைத்த காலோடு தெரியாமல் கடலாடிப் பக்கம் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த இடத்தைத் தாண்டியதும் நின்று, திரும்பிப் பார்த்து, இறங்கப்போகிற திசையிலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் கணவர் சரியான பாதையில் நிற்கட்டும்.